கரையாத வெள்ளையில் ஒரு குதிரை

எங்கள் மாமா மாணிக்கவேலுக்குச் சிகரெட் வாடை ஆகாது. பஸ்ஸில் யாராவது பற்றவைத்தால், ஊர் வருவதற்கு முன்பே இறங்கி வெயிலில் நடந்து வருகிற ரகம். அப்படிப்பட்டவருக்குப் பார்த்து, சிகரெட் சாம்பல் தட்டுகிற கிண்ணம் செய்யும் தொழிலை முருகன் கொடுத்திருந்தான். விருத்தாசலம் பீங்கான் எஸ்டேட்டில் பக்கத்துக் கொட்டகைக்காரர் ஃபியூஸ் கட்டை செய்தார், அதற்கடுத்தவர் ஊறுகாய் ஜாடி செய்தார், எதிர்க் கொட்டகையில் கிருஷ்ணன் பொம்மை புல்லாங்குழலோடு வரிசையாகக் காய்ந்தது. மாமாவுக்கு மட்டும் சென்னை ஹோட்டல்காரன் ஒருவனின் ஆர்டர். வெள்ளை வெளேரென்று, மல்லிகைப்பூ மாதிரி கிண்ணம் வேண்டுமாம், சாம்பல் தட்ட.

மாமா பாவத்துக்குப் பயந்தவர். ஆனால் ஆர்டரை விட முடியாது. அதனால் ஒவ்வொரு ஈடும் சூளையிலிருந்து வந்ததும் முதல் கிண்ணத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, "முருகா, இதுல எவன் சாம்பல் தட்டுனாலும் அது அவன் கணக்கு" என்று தெளிவாகப் பேசி முடித்துக்கொள்வார்.

எழுபத்தொன்றாம் வருஷத்துக் கோடை லீவில் என்னை அங்கே சூப்பர்வைசராகப் போட்டார். வரலாறு படிக்கிறவனுக்குப் பீங்கானைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கொட்டகையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நானும் காலியாக இருந்தேன்.

அங்கே வேலை தெரிந்த ஆள் ஆதிலட்சுமி. கருவேப்பிலங்குறிச்சிக்குத் தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைக் கிண்ணத்தின் ஓரத்தைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் ஒரு சுற்றுத் துடைத்தாள் என்றால், தாய்க்கே குழந்தை அடையாளம் தெரியாத அளவுக்கு எல்லாக் கிண்ணமும் ஒன்றாக இருக்கும். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். என்னை "சூப்ரவைசர் தம்பி" என்று கூப்பிடுவாள். அதில் மரியாதை எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்க்கப் போகவில்லை.

அவள் அப்பா பச்சமுத்து மண்பாண்டம் செய்கிறவர். அந்த ஊர் அய்யனாருக்கு வருஷா வருஷம் சித்திரைக் கடைசியில் மண்குதிரை செய்து நிறுத்துகிற உரிமை அவர்கள் குடும்பத்துடையது. அதற்கு ஒரு முறை உண்டு. ஊரில் வீட்டுக்கொரு சிட்டிகை வாசல் மண் எடுத்து, மொத்தமாக ஒரு மஞ்சள் துணியில் முடிந்து, நாட்டாமை குதிரைக்காரர் கையில் கொடுப்பார். அதற்குப் பிடிமண் என்று பெயர். அதைக் குதிரை செய்கிற மண்ணில் கலந்துவிட வேண்டும். கலந்தால்தான் அது ஊர்க்குதிரை. கலக்காவிட்டால் வெறும் பொம்மை.

அந்த வருஷம் பிடிமண் வாங்கிக்கொண்டு சைக்கிளில் வீடு திரும்பிய பச்சமுத்து, வாய்க்கால் மதகில் ஆட்டுக்கு வழி விடப் போய் விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். முடிச்சு மட்டும் பத்திரமாக இருந்தது. நாட்டாமை ஆதிநாராயணன் வந்து பார்த்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுச் சொன்னார்:

"ஒடையாரே, மண்ணு வாங்குனா குதுர நிக்கணும். நிக்கலன்னா மண்ணு சேத்தியாத்தோப்புக்குப் போயிடும். அங்க குதுர பண்ற தனக்கோடி கேட்டுக்கிட்டே இருக்குறாரு. அப்புறம் திரும்பி வராது. நான் சொல்லல, மொற சொல்லுது."

மறுநாள் காலை ஆதிலட்சுமி மாமா முன்னால் வந்து நின்றாள்.

"மொதலாளி, நம்ம மண்ணுல ஒரு குதுர பண்ணிக்கவா?"

"குதுரயா? அதுல எங்கம்மா சாம்பல் தட்டுறது?"

"அய்யனாருக்குங்க."

மாமா சட்டென்று எழுந்துவிட்டார். இத்தனை நாள் செய்த கிண்ணங்களுக்கெல்லாம் ஒரே மொத்தமாகப் பரிகாரம் கொட்டகைக்குள்ளேயே நடந்து வந்து நின்றால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்?

"பண்ணு. நல்லா பெருசா பண்ணு. ஆமா, ஊரு மண்ணு இருக்கையில பீங்கான்ல எதுக்கு?"

"எங்க வூட்ல பொம்பள சக்கரம் தொடக் கூடாது மொதலாளி. இங்க ஏது சக்கரம்?" என்றாள். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "அதுவும் இல்லாம, அய்யனாருக்கு வெள்ளக் குதுரன்னுதான சொல்றாங்க. எங்கப்பா செவப்பா சுட்டு மேல சுண்ணாம்பு அடிக்கும். ஐப்பசி மழைக்கு எல்லாம் கரஞ்சிடும். அப்புறம் வருஷம் பூரா சாமி செவப்புக் குதுரயிலதான் போவணும். நான் கரையாத வெள்ளையில ஒண்ணு பண்றேன். சின்னதுலேருந்து மனசுல இருக்குது" என்றாள்.

தினமும் வேலை முடிந்த பிறகு பஸ் வருகிற வரைக்கும் குதிரை. முதலில் ஒன்றரை அடியில் ஒரு மாதிரிக் குதிரை செய்து பார்த்தாள். நான் மேற்பார்வை பார்த்தேன். சாமி காரியமாயிற்றே, விரதம் கிரதம் இருப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு கையால் குதிரைக்குக் காது வைத்துக்கொண்டு மறு கையால் முறுக்குத் தின்றாள்.

"ஆதிலட்சுமிக்கா, விரதம்லாம் இல்லையா?"

"பசிச்சா கை நடுங்கும் தம்பி. கை நடுங்குனா காது கோணிக்கும். சாமிக்கு என் பசி வேணுமா, குதுரக் காது வேணுமா? நீங்களே சொல்லுங்க, படிச்சவரு."

நான் முறுக்கில் பாதி எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் குதிரையின் வாய்க்குள் மண்ணால் நாக்கு வைத்துக்கொண்டிருந்தாள். வாயோ இரண்டு விரல்தான் திறந்திருந்தது. உள்ளே பல் வரிசை வேறு.

"இத யாருக்கா குனிஞ்சு பாக்கப் போறாங்க?"

"கடிவாளம் போடறப்ப அவரு பாப்பாருல்ல" என்றாள், ஏதோ அய்யனார் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கப் போகிறவர் மாதிரி.

மாதிரி திருப்தியானதும் அதை உடைத்துத் தண்ணீரில் போட்டுவிட்டாள். நான் தண்ணீருக்குள் கையை விட்டுக் காதைத் தேடினேன். அவள் கை கழுவப் போய்விட்டாள். பெரிய குதிரையைத் துண்டு துண்டாகச் செய்து, பொதுச் சூளையில் சுட்டு, ஊரில் போய்ச் சிமெண்டு வைத்து ஒட்டுவதாகத் திட்டம். அதற்கு முன்னால் பிடிமண் கலக்க வேண்டும். முடிச்சைக் கொடு, நானே கலந்துகொள்கிறேன் என்று அவள் கேட்டதற்குப் பச்சமுத்து ஒப்பவில்லை. "கை ஒடஞ்சா உரிம ஒடஞ்சிடுமா? மண்ண நான்தான் போடுவேன்" என்றுவிட்டாராம்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். மணிமுத்தாற்றில் ஊற்று தோண்டிக் குளித்த ஈர வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கழுத்திலிருந்து தொட்டில் கட்டித் தொங்கிய மாவுக்கட்டுக் கை, இடுப்பில் மஞ்சள் முடிச்சு. எஸ்டேட் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். வாட்ச்மேன் பழமலை, யாரோ கோயில்காரர் என்று நினைத்துச் சல்யூட் அடித்தார்.

ஆதிலட்சுமி குழாயடியில் இருந்தாள். கொட்டகைக்குள் நுழைந்த பச்சமுத்து நாலு பக்கமும் பார்த்தார். அவர் வீட்டில் மண் என்றால் ஒரே குழிதான். சட்டிக்கும் அதுதான், சாமிக்கும் அதுதான். இங்கேயும் ஒரே ஒரு தொட்டிதான் இருந்தது. கிண்ணத்துக்கென்று மாமா கரைத்து வைத்திருந்த ஒரு வாரத்து மண், கூழாக, பால் மாதிரி, மோட்டார்த் துடுப்பு சுற்றச் சுற்றத் தளதளத்துக்கொண்டிருந்தது. பெரியவர் கண்ணை மூடினார். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களால் முடிச்சை அவிழ்த்தார். "அய்யனாரப்பா!" என்றார். மொத்த மண்ணும் ஒரே வீச்சில் தொட்டியில் விழுந்தது. துடுப்பு அதைப் பக்தியோடு உள்ளே இழுத்துக்கொண்டது.

சத்தம் கேட்டு ஆதிலட்சுமி ஓடி வந்தாள்.

"எப்பா! எதுல போட்ட?"

"மண்ணுலதான்."

"அய்யோ, அது கிண்ணத்து மண்ணுப்பா! எனக்கு வேணுங்கறத தனியா அள்ளி வச்சில்ல அதுல போடணும்!"

"மண்ணுல என்னாடி ஒம்மண்ணு, கிண்ணத்து மண்ணு?" என்றார் பச்சமுத்து. தத்துவமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

மாமா வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். கூழ் அதே வெள்ளையில்தான் இருந்தது. "ஒரு பிடி மண்ணு. கடல்ல கரைச்ச பெருங்காயம். விடும்மா" என்றார். கிண்ணங்களுக்கும் சேர்த்துச் சாமி மண் கலந்துவிட்டதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம் என்று பட்டது. அன்று சந்தனப் பொட்டுகூட வைக்கவில்லை.

அந்தத் தொட்டி மண்ணில்தான் கிண்ணமும் வார்த்தார்கள், அதையே இறுக்கிக் குதிரையும் செய்தாள். பச்சையில் எல்லாம் வெள்ளை. காய்ந்தபோதும் வெள்ளை. சூளைக்குள் போகும்போதும் வெள்ளைதான். வெளியே வந்ததைப் பார்த்து மாமா கேட்டார்:

"என்னாம்மா இது, எள்ளுருண்ட மாதிரி?"

அந்த ஊர் மண்ணில் இரும்பு அதிகம். பச்சையில் மறைந்திருந்து, நெருப்பில் அத்தனையும் பழுப்புப் புள்ளியாக எழுந்துவிட்டது. கிண்ணத்தில் புள்ளி. குதிரையின் வயிற்றில், கழுத்தில், மூக்கில், எங்கு பார்த்தாலும் புள்ளி. ஹோட்டல் ஏஜெண்டு வந்து ஒரு கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாங்கறப்பவே யாரோ சாம்பல் தட்டிட்ட மாதிரி இருக்கே சார்" என்று வைத்துவிட்டுப் போனார்.

ஆதிலட்சுமி குதிரைத் தலையை மடியில் வைத்துக்கொண்டு மணல் போட்டுத் தேய்த்தாள். புளி போட்டுத் தேய்த்தாள். பளபளப்புக்கு அடியில் இருக்கிற புள்ளி எங்கே போகும்? அப்புறம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

"சுண்ணாம்பு அடிச்சுடும்மா" என்றார் மாமா, ஆறுதலாக.

"சுண்ணாம்பு கரையுதுன்னுதான மொதலாளி இதச் செஞ்சேன்."

வேறு குதிரை செய்ய நாள் இல்லை. திருவிழாவுக்கு முந்தின சாயங்காலம் துண்டுகளை வைக்கோலில் சுற்றி வண்டியில் ஏற்றினோம். சூப்பர்வைசர் என்ற முறையில் நான் குதிரையின் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

விடிந்ததும் அய்யனார் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. புளியமரத்தடியில் இன்னொரு வண்டியும் நின்றது. அதன் மேல் வைக்கோல் போர்த்திய ஏதோ ஒன்று நாலு காலோடு இருந்தது. பக்கத்தில் சேத்தியாத்தோப்பு தனக்கோடி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "சும்மா வேடிக்கை பாக்க வந்தேன்" என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே.

ராத்திரியே ஒட்டி நிறுத்தி மூடியிருந்த துணியை ஆதிலட்சுமி எடுத்தாள். மேளம் அடித்தது. குதிரை ஒரு பெரிய கன்றுக்குட்டி உயரம் இருந்தது. கழுத்தை வளைத்து, ஒரு காலைத் தூக்கி, இதோ கிளம்பிவிட்டேன் என்கிற மாதிரி நின்றது. காலை வெயில் பட்டுப் பளீரென்றது. கூட்டத்தில் "அடேங்கப்பா" என்று ஒரு மூச்சு எழுந்தது.

தனக்கோடி பக்கத்தில் வந்தார். வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார். நாக்கைத் தொட்டிருக்க வேண்டும், முகம் ஒரு கணம் மாறியது. விரலை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கொற சொல்றேன்னு நெனைக்காதீங்க. ஒடம்பெல்லாம் அம்ம போட்ட மாதிரி இருக்குதே."

அவ்வளவுதான். முன்வரிசை இரண்டடி பின்வாங்கியது. அம்மை போட்ட இடத்தில் சத்தம் ஆகாது என்று மேளக்காரர் குச்சியைக் கக்கத்தில் செருகிக்கொண்டார். கொளஞ்சியம்மாள் என்கிற ஒரு பெண்பிள்ளை எங்கிருந்தோ வேப்பிலைக் கொத்தோடு வந்து குதிரையின் காலடியில் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா எறங்கியிருக்கா, பானகம் கரைங்கடி" என்றாள்.

"மாரியாத்தா எறங்குன குதுர மேல அய்யனாரு எப்பிடி ஏறுவாரு?" என்று ஒரு சந்தேகம் வந்தது.

"தலைக்குத் தண்ணி ஊத்துனப்புறம் ஏறலாம்."

"எத்தினி தண்ணி?"

விவாதம் எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. நாட்டாமை தொண்டையைச் செருமினார். "ஒடையாரே, இது செரிப்படாது. மொறன்னு ஒண்ணு இருக்குது. தனக்கோடி, அந்த வைக்கல எடுங்க" என்றார்.

பச்சமுத்து கட்டுப் போட்ட கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்கையால போட்டேன். எங்கையாலயே போச்சு" என்றார், யாரையும் பார்க்காமல்.

ஆதிலட்சுமி அப்பாவைப் பார்த்தாள். குதிரையைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நான் பயந்தேன். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"நாட்டாம பெரியப்பா, ஒரு வார்த்த. நீங்க வருஷா வருஷம் எங்கப்பன் கையில வூட்டுக்கொரு சிட்டிக மண்ணு குடுக்குறீங்க. ஒரு வருஷமாவது அந்த மண்ணு குதுரயில எங்க போச்சுன்னு கண்ணால பாத்திருக்கீங்களா?"

"அது எப்பிடித் தெரியும்? செவப்பு மண்ணுல செவப்பு மண்ணு."

"தெரியாதுல்ல? ஒடையாரு கலந்தாரா, வாய்க்கால்ல வுட்டாரான்னு நீங்களே முன்ன ஒருக்கா கேட்டிருக்கீங்க. இப்ப பாருங்க. மண்ணு வெள்ள. அதுல வெள்ளயா இல்லாதது என்னா இருக்குதோ, அத்தினியும் நீங்க குடுத்தது. இது அம்மயும் இல்ல, கிம்மயும் இல்ல. நீங்கதான். வூட்டுக்கொரு சிட்டிக. எண்ணிக்கோங்க."

நாட்டாமை குனிந்து கோயில் வாசலில் ஒரு சிட்டிகை மண் எடுத்தார். குதிரையின் தோளில் இருந்த புள்ளிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார், புள்ளியைப் பார்த்தார்.

"சுட்டா கறுக்கும்" என்றார் தரையிலிருந்து பச்சமுத்து.

"தெரியும்யா" என்றார் நாட்டாமை. ஆனால் குரல் மாறியிருந்தது. அவர் கை குதிரையின் தோளிலேயே இருந்தது.

முதலில் வந்தவள் கொளஞ்சியம்மாள். வேப்பிலையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கழுத்தில் இருந்த ஒரு பெரிய புள்ளியைத் தொட்டாள். "இது எங்க வூட்டுது. எங்க வாசல்ல கருமண்ணு" என்றாள்.

"ஒங்க வூட்டுக்கு மட்டும் கழுத்துலயா? அது எங்க வாசல். நீ தெரு முக்குல இருக்குற, ஒன்னுது வவுத்துலதான் இருக்கும்."

"ஏன், தெரு முக்குல இருந்தா வவுத்துலதானா?"

அதற்கப்புறம் என்னால் பின்தொடர முடியவில்லை. ஊர் முழுக்கக் குதிரையைச் சூழ்ந்துகொண்டு தங்கள் தங்கள் வீட்டைத் தேடியது. முகத்தில் இருந்த புள்ளிகளுக்குத் தள்ளுமுள்ளு. வாலுக்கு அடியில் இருந்த ஒரு புள்ளியை மட்டும் யாரும் உரிமை கொண்டாடவில்லை. கடைசியில் அது ஊரில் இல்லாத நடராசன் வீடு என்று ஒருமனதாக முடிவானது. மேளக்காரர் யார் சொல்வதற்கும் காத்திருக்காமல் குச்சியைக் கையில் எடுத்தார். தனக்கோடி தன் வண்டிக்குப் போய் வைக்கோலைச் சரியாக இழுத்து மூடினார். போகிற போக்கில் ஆதிலட்சுமியிடம், "நாக்கு எப்பிடிம்மா உள்ள வச்ச?" என்று மட்டும் கேட்டார். அவள் விரலால் காட்டினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரத்தில் மாமா வாயைத் திறந்தார். சந்தோஷம் தாங்காமல், "எங்க கிண்ணத்துலகூட இதே புள்ளிதாங்க" என்றுவிட்டார்.

நாட்டாமை திரும்பினார். "எந்தக் கிண்ணம்?"

"அதே தொட்டி மண்ணுதாங்க..."

"அப்ப எங்க பிடிமண்ணு அதுலயும் இருக்குது. எங்க மண்ணு கலந்தது அய்யனாரு சொத்து. வெளிய விக்கக் கூடாது. கொண்டாந்துடுங்க."

கொண்டுவந்தோம். வீட்டுக்கொரு கிண்ணமும் மீதி கோயிலுக்குமாக ஆயிற்று. பூசாரி அதில் விபூதி கொட்டி வைத்தார். விளிம்பில் சிகரெட் வைக்கிறதற்கு மூன்று பள்ளம் இருந்ததல்லவா, அதைப் பார்த்துவிட்டு, "மூணு வெரல் வச்சு அள்ளறதுக்கு எவ்ளோ தோதா பண்ணியிருக்காங்க பாருங்க. இதெல்லாம் யோசிச்சுச் செய்யற பக்தி" என்று மாமாவைக் கும்பிட்டார். மாமா மறுக்கவில்லை. கண் கலங்க, பதிலுக்குக் கும்பிட்டார்.

கிளம்பும்போது நாட்டாமை எங்களை நிறுத்தினார். ஒத்தைக் குதிரை நிற்கக் கூடாதாம், ஜோடி வேண்டுமாம், அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டாம், ஆடிக்குள் செய்துவிட வேண்டுமாம். கையில் புது மஞ்சள் முடிச்சு இருந்தது. பழக்கத்தில் பச்சமுத்துவிடம் நீட்டினார். பச்சமுத்து கட்டுக் கையைப் பார்த்துவிட்டு, அதைவிட நன்றாக இருந்த இடது கையையும் பார்த்துவிட்டு, இரண்டையும் நீட்டவில்லை. மகளைப் பார்த்துத் தலையசைத்தார்.

நாட்டாமை கொஞ்சம் யோசித்தார். முறை அவருக்குள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவர் அதைக் கேட்டுக்கொள்ளாமல் முடிச்சை ஆதிலட்சுமியின் கையில் வைத்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேம்மா. இந்தவாட்டி எங்க வூட்டு மண்ணு தோளோட நின்னுடுச்சு. அடுத்ததுல நெத்தியில வரணும்."

"அது என் கையில இல்ல பெரியப்பா" என்றாள் ஆதிலட்சுமி. "குதுர மட்டுந்தான் நான். புள்ளி நெருப்பு வைக்கிறது."

முடிச்சை அவிழ்த்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்தாள். விரலால் நெருடிப் பார்த்தாள். அவள் புருவம் சுருங்கியது.

"கல்லு நெறைய இருக்குது. சலிச்சுட்டுத்தான் போடணும்."

"சலிக்காத!" என்று ஊரே கத்தியது.